கேளுங்க, சொல்றேன்: ஜப்பான் வாங்குற சிப்ஸ், சீனா வாங்குற சிப்ஸ்

போன மாசம் காகிதத்தைப் பத்தி ஒரு வரி எழுதப்போய் இந்த மாசம் வந்த கடிதம் பாதிக்கு மேல மர சிப்ஸ், அதாவது காகித மில்லுக்காகச் சின்னச் சின்னத் துண்டா வெட்டின மரம், அதைப் பத்தியே இருக்கு. நான் 20 வருஷத்துக்கு மேல மில்லுக்கு மரம் வாங்கி அனுப்புற வேலையில இருந்தவன், அதனால எனக்கும் இது பிடிச்ச விஷயம், இந்தத் தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: எங்க வீட்டு முகப்புத் தூணெல்லாம் பர்மா தேக்கு தம்பி. முழு மரமா கப்பல்ல வந்து இறங்கினதா எங்க ஐயா சொல்லுவாக. இப்ப என்னமோ சிப்ஸ் கப்பல்ங்கிறாங்களே, மரத்தைப் பொடிசா வெட்டி அனுப்புறது எதுக்கு? (ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்)

ஆச்சி, உங்க வீட்டுத் தூணுக்கு மரம் மரமாவே வேணும், கையால கட்டிப் பிடிக்க முடியாத அளவு பருமன் வேணும், அதனால ரங்கூன்லேருந்தும் மௌல்மீன்லேருந்தும் நம்ம ஆளுங்க கொண்டுவிக்கப் போன காலத்துல முழுசாத்தான் ஏத்தி விட்டாங்க. காகிதத்துக்கு மரத்துல இருக்கிற நார் மட்டும் போதும். முழு மரமா போனாலும் மில்லுக்குள்ள போன உடனே சிப்பர் மெஷின்ல வெட்டி, டைஜெஸ்டர்னு ஒரு பெரிய கொப்பரை மாதிரி இருக்கும், அதுல மருந்து போட்டு வேக வச்சுத்தான் கூழ் எடுப்பாங்க. அந்த வெட்டுற வேலையை மரம் வெட்டுற ஊர்லயே முடிச்சுட்டா பெல்ட்டுல ஓடவிட்டுக் கப்பல்ல கொட்டலாம், இறங்குற துறைமுகத்துல கிரேன் அள்ளிப் போட்டா நேரா மில் முற்றத்துக்குப் போயிடும். ஒரு மரத்தையும் ஆள் தூக்க வேண்டாம்.

ஒரு கைப்பிடி சிப்ஸ் எடுத்துப் பாத்தீங்கன்னா ஒவ்வொண்ணும் 2, 3 சென்டிமீட்டர் நீளம், கனம் 3லேருந்து 5 மில்லிமீட்டர், ஓரமெல்லாம் சாய்வா வெட்டியிருக்கும், புதுசா இருந்தா தொட்டா ஈரம் விரல்ல ஒட்டும். எல்லாம் ஒரே அளவா இருக்கணும், ஏன்னு உங்களுக்கே தெரியும், சின்னக் கிழங்கும் பெரிய கிழங்கும் ஒரே சட்டியில போட்டு அவிச்சா ஒண்ணு குழைஞ்சிடும் ஒண்ணு வேகாது, இதுவும் அதேதான்.

இந்த சரக்கு எடை கம்மி, இடம் நிறைய அடைக்கும். அதனால சாதாரணக் கப்பல்ல ஏத்தினா எடை நிறையறதுக்குள்ள இடம் நிறைஞ்சிடும். அதுக்குன்னே வயிறு பெருசா ஒரு கப்பல் கட்டினது ஜப்பான்காரங்க, 1960கள் நடுவுல, குரே மாருன்னு பேரு, அமெரிக்காவோட மேற்குக் கரையிலேருந்து ஜப்பானுக்கு சிப்ஸ் ஏத்திட்டு வந்துச்சு. இப்ப ஓடுற சிப்ஸ் கப்பல் 200 மீட்டர் நீளம் இருக்கும், உங்க வளவு, பட்டாலை, ரெண்டாம் கட்டு எல்லாம் சேத்து அடுத்தடுத்து நாலு வீடு வச்சாலும் உள்ள அடங்கிடும்.

கேள்வி: ஐயா, நான் காரைக்குடியில எம்.காம் படிக்கிறேன். ஜப்பானும் சீனாவும் மர சிப்ஸ் இறக்குமதி பண்றதை ஒப்பிட்டு ப்ராஜெக்ட். 2008லேருந்து 2018 வரைக்கும் கிராஃப் போட்டா சீனா பத்து மடங்குக்கு மேல ஏறியிருக்கு, ஜப்பான் இறங்கியிருக்கு. "ஜப்பான் காகிதத் தொழில் முடிஞ்சுபோச்சு"ன்னு முடிவுரை எழுதினேன், கைடு தப்புன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. நம்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கு, எங்க தப்பு?

கைடு சொன்னது சரிதான்மா. நம்பர்ல தப்பில்ல, நீ எந்த வருஷத்துலேருந்து ஆரம்பிச்சேங்கிறதுல தப்பு. 2008ங்கிறது ஜப்பானுக்கு உச்சி, 2007, 2008 வாக்குல அவங்க வருஷத்துக்கு 1 கோடியே 40 லட்சம் டன் பக்கத்துல வாங்கிட்டு இருந்தாங்க, உலர் எடையில, அதாவது மரத்துல இருக்கிற தண்ணியைக் கழிச்சு. சீனாவுக்கு அதே வருஷம் அடி, வெறும் 10 லட்சம் டன் சொச்சம். இன்னும் சொல்லப்போனா அதுக்குக் கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் சீனா சிப்ஸ் விக்கிற நாடு, ஜப்பானுக்கே வித்துட்டு இருந்தாங்க. பிள்ளையார்பட்டி மலை மேல நிக்கிறவரையும் கேணிக்குள்ள நிக்கிறவரையும் ஒரே நேரத்துல நடக்கச் சொன்னா ஒருத்தர் இறங்கத்தான் செய்வார், ஒருத்தர் ஏறத்தான் செய்வார்.

அதனால கிராஃபை இடது பக்கம் இழு, 1965 வரைக்கும் கொண்டு போ. அப்பத்தான் சீனா இப்ப ஏறின மாதிரியே ஜப்பானும் ஒரு காலத்துல ஏறினது தெரியும். போருக்கப்புறம் ஜப்பான்ல தொழில் வளர வளர காகிதம் வேணும், உள்ளூர் மரம் பத்தல, அமெரிக்காவுல மரம் அறுக்கிற மில்லுங்கள்ல கழிவா விழுற துண்டை வாங்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் 1970 வாக்குல ஆஸ்திரேலியாவுல ஈடன் துறைமுகம், டாஸ்மேனியா, அதுக்கப்புறம் தென்னாப்பிரிக்கா, பிறகு சிலின்னு போயிட்டே இருந்தாங்க. இதுக்கு நடுவுல 1980ல ஒரு அடி வாங்கினாங்க, அமெரிக்காவுல வீடு கட்டுறது படுத்துச்சு, மரம் அறுக்கிறது குறைஞ்சுச்சு, துண்டு கிடைக்கல, சிப்ஸ் விலை தாறுமாறா ஏறிடுச்சு. ஜப்பான்ல அதுக்கு சிப் ஷாக்னே பேரு. ஒரே ஆள்கிட்ட வாங்கினா என்ன ஆகும்னு அவங்களுக்குப் புரிஞ்சது அந்த வருஷம். அதுக்கப்புறம் நாலஞ்சு நாட்டுல வாங்குறது, நீண்ட கால ஒப்பந்தம் போடுறது, வருஷத்துக்கு ஒரு தடவை உக்காந்து விலை பேசுறது, வெளிநாட்டுலயே சொந்தமா தோட்டம் போடுறதுன்னு நிதானமா ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. பைன் மாதிரி ஊசியிலை மரத்துலேருந்து யூகலிப்டஸ் (நம்ம தைல மரம்), அகேசியா பக்கம் மாறினதும் இந்தக் காலத்துலதான். உன் அட்டவணையில 4401.21னு ஒரு சுங்க எண்ணும் 4401.22னு ஒரு எண்ணும் இருக்கும் பாரு, முதல்ல சொன்னது ஊசியிலை, ரெண்டாவது மத்த மரம். ரெண்டையும் கூட்டிப் போடாம தனித்தனியா கோடு போடு, கதை இன்னும் தெளிவா வரும்.

சீனா ஏறினதுக்குக் காரணம் வேற. 1998ல யாங்சி ஆத்துல பெரிய வெள்ளம், அதுக்கப்புறம் இயற்கைக் காட்டை வெட்டுறதுக்குத் தடை போட்டாங்க. காகிதத் தேவை மட்டும் ஏறிட்டே போச்சு. பிறகு கடலோரத்துல பெரிய பெரிய கூழ் மில் கட்டினாங்க, ஹைனான் தீவுல யாங்பூவுல ஒண்ணு, 2004, 2005 வாக்குல ஓட ஆரம்பிச்சுச்சு, ஷாண்டோங்ல ரிஜாவ்ல 2010ல பெரிய விரிவாக்கம், 2011ல ஜான்ஜியாங்ல ஒண்ணு. கப்பல் வந்து நிக்கிற இடத்துலயே மில். அந்த மில் தொறந்த வருஷத்தை உன் கிராஃப் மேல பென்சில்ல குறிச்சுப் பாரு, 2009ல 27 லட்சம் சொச்சம், 2010ல 46 லட்சம், 2011ல 65 லட்சத்துக்கு மேல, 2013ல 90 லட்சம்னு படி ஏறுற மாதிரி ஏறியிருக்கும். 2014ல கொஞ்சம் சறுக்கல், அப்புறம் 2016, 2017 வாக்குல ஜப்பானை எட்டிப் பிடிச்சுத் தாண்டுச்சு. பெருசா மில் கட்டிட்டாங்க, அதுக்கு இரை போட்டே ஆகணும், அதான் இந்த ஏத்தம்.

இப்ப எடை விஷயம், இதுலதான் நிறைய பேர் விழறது. வெட்டின மரத்துல பாதிக்குப் பாதி தண்ணி. ஈரமா நிறுத்தா 100 டன், தண்ணியை முழுசா வத்தவச்சு நிறுத்தா 50, 55 டன்தான். வியாபாரத்துல காசு குடுக்கிறது உலர் எடைக்கு, ஆனா புள்ளிவிவரத்துல ஒரு அட்டவணை உலர் டன்னுல இருக்கும், ஒண்ணு ஈர டன்னுல இருக்கும், உலக உணவு வேளாண் அமைப்போட அட்டவணை கன மீட்டர்ல இருக்கும். ஒரு நாட்டுக்கு ஒரு அட்டவணையும் இன்னொரு நாட்டுக்கு வேற அட்டவணையும் எடுத்திருந்தா மழையில நனைஞ்ச நெல்லையும் களத்துல காஞ்ச நெல்லையும் ஒரே விலைக்குப் பேசின மாதிரி ஆயிடும். முதல்ல இதைச் சரி பாத்துட்டு அப்புறம் மத்ததைத் தொடு.

இன்னொண்ணு, உன் கைடு இதை அடுத்துக் கேட்பாங்க, அதனால இப்பவே சொல்லிடறேன். சீனா சிப்ஸா வாங்குறதை விட கூழா வாங்குறது ரொம்ப அதிகம், 2018ல எல்லா வகைக் கூழும் சேத்து 2 கோடி டன்னுக்கு மேல. வெளுத்த கூழ் 1 டன் எடுக்க உலர்ந்த சிப்ஸ் சுமாரா 2 டன் வேணும். அப்ப பிரேசில்லயோ இந்தோனேசியாவுலயோ வெந்து கூழா வர்றதையும் மரமாத் திருப்பிக் கணக்குப் போட்டா சீனா ஜப்பானை 2016ல தாண்டலம்மா, அதுக்கு ரொம்ப முன்னாடியே தாண்டிடுச்சு. சிப்ஸை மட்டும் பாத்தா சீனா நேத்து வந்த ஆள் மாதிரி தெரியும், கூழையும் சேத்துப் பாத்தா அப்படி இல்ல. ஒப்பீடுன்னு எழுதுறவங்க இந்த ஒரு பத்தியை விட்டா அந்த ஒப்பீடு முழுசு கிடையாதுன்னுதான் நான் சொல்லுவேன்.

ஜப்பான் முடிஞ்சுபோச்சான்னா, இல்ல. 2009ல உலகம் பூரா மந்தம் வந்தப்ப சடார்னு விழுந்தாங்க, 2011 மார்ச் 11 சுனாமியில இஷினோமாகியில இருந்த பெரிய மில் தண்ணிக்குள்ள போச்சு, அடுத்த வருஷத்துக்குள்ள முழுசாத் தூக்கி நிறுத்தி ஓட விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் 2010கள் முழுக்க 1 கோடியே 10 லட்சம், 20 லட்சம்னு அதே இடத்துலதான் நின்னாங்க. செய்தித்தாள் வாங்குறவங்க குறையுறாங்க, அச்சுக் காகிதம் குறையுது, அதனால மெதுவா இறங்குது. பத்து வருஷம் ஒரே உயரத்துல ஓடின கோட்டைப் பாத்து முடிஞ்சுபோச்சுன்னு எழுதினா எந்த கைடும் திருப்பித்தான் குடுப்பாங்க. முடிவுரையை மாத்தி எழுதிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்பும்மா, நான் படிக்கணும்.

கேள்வி: பழைய பேப்பரை ஒழுங்கா எடைக்குப் போட்டாலே மரம் வெட்ட வேண்டாமே? (திருப்பத்தூர் வாசகர்)

பாதி சரி. ஜப்பான்ல காகிதம் செய்யப் போடுற நார்ல 60 சதவீதத்துக்கு மேல பழைய காகிதம்தான், அட்டைப்பெட்டி கிட்டத்தட்ட முழுக்க அதுலதான். ஆனா நாரை ஒவ்வொரு தடவை கரைக்கும்போதும் அது குட்டையாகும், பலம் போகும், அதனால எங்கயாவது புது நார் உள்ள வந்துட்டே இருக்கணும். சீனாவுல ஒண்ணு நடந்துச்சு, வெளிநாட்டுப் பழைய காகிதம் வாங்குறதைப் படிப்படியாக் குறைச்சு 2021 தொடக்கத்துலேருந்து அடியோட நிறுத்திட்டாங்க. அந்த இடத்தை நிரப்ப சிப்ஸும் கூழும் கூடுதலா வேண்டியதாச்சு.

கேள்வி: எங்க பக்கம் சீமைக்கருவேலம் காடு மாதிரி கிடக்கு. அதை சிப்ஸ் போட்டு அனுப்பினா என்ன? (இளையான்குடி)

வளைஞ்சு வளைஞ்சு போற மரம், முள்ளு, பட்டை உரிக்கிறது பெரும்பாடு, உள்ள வைரம் கருஞ்சிவப்பா இருக்கும். பட்டையும் அந்த நிறமும் கூழுல கலந்தா வெளுக்க மருந்து கூடுதலா ஆகும். கரிமூட்டம் போடுறதுக்கும் பாய்லர்ல எரிக்கிறதுக்கும் அதைவிட நல்ல மரம் நம்ம சீமையில கிடையாது, அந்த வழியிலேயே விடுங்க.

கேள்வி: அண்ணே, திருமயம் பக்கம் 3 ஏக்கர்ல தைல மரம் போட்டிருக்கேன். வியட்நாம்ல என்னைய மாதிரி சின்ன சம்சாரிங்கதான் மரம் போட்டு சீனாவுக்கு வித்து நல்லா இருக்காங்கன்னு சொல்றாங்க. அந்த விலை நமக்கு ஏன் வரல?

தம்பி, வியட்நாம் சங்கதி உண்மைதான். சின்னச் சின்னக் குடும்பங்கள் மலையோரத்துல அகேசியா போட்டு 5, 6 வருஷத்துல வெட்டுறாங்க, பக்கத்துலயே சிப்பிங் மில், அங்கேருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். 2011, 2012 வாக்குல ஆஸ்திரேலியாவைத் தாண்டி உலகத்துலயே அதிகமா சிப்ஸ் ஏத்துமதி பண்ற நாடாவே ஆயிட்டாங்க. ஆனா அதுல பெரும்பங்கு ஒரே நாட்டுக்கு, சீனாவுக்குப் போகுது. சீனாவுல மில்லுக்காரங்க கையை இறுக்கினா வியட்நாம்ல மரத்து விலை அந்த மாசமே விழும், கடன் வாங்கினவன் விலை ஏறட்டும்னு காத்திருக்க முடியாம குஞ்சு மரத்தை வெட்டிக் குடுப்பான். அவங்க அரசாங்கமே பத்து வருஷம் விட்டு வெட்டுங்க, பலகைக்குப் போகும், நாற்காலி மேசைக்குப் போகும்னு சொல்லிட்டு இருக்கு, 2016லேருந்து சிப்ஸ் ஏத்துமதிக்கு 2 சதவீதம் வரியும் போட்டுச்சு. இருந்தும் அஞ்சு வருஷத்துல காசு வேணும்ங்கிற குடும்பம் அஞ்சு வருஷத்துலதான் வெட்டும், அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல.

நமக்கு நிலைமை வேற. நம்ம நாட்டுல மில்லுக்கே மரம் பத்தல, சில வருஷம் நம்ம மில்லுங்களே தென்னாப்பிரிக்கா மாதிரி நாட்டுலேருந்து கப்பல்ல சிப்ஸ் வரவழைச்சிருக்காங்க. கரூர்ல காகிதபுரம், மணப்பாறைக்குப் பக்கத்துல மொண்டிப்பட்டி, அங்கிட்டு ஈரோடுன்னு மில்லுங்க லாரி போற தூரத்துல இருக்கு. அதனால நீங்க சீனா விலையைத் தேட வேண்டியதில்ல, உங்க மரம் எந்த எடையில போகுதுங்கிறதைத் தேடுங்க.

நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன். ஒரு சித்திரை மாசம், எங்க மாமனார் காட்டுல தைல மரம் வெட்டி, பட்டை உரிச்சு, சாயங்காலம் லாரி ஏத்தி ஊர் எடை மேடையில போட்டப்ப சரக்கு மட்டும் 16 டன் சொச்சம். மில் கேட்டுல வரிசை, நாலு நாள் லாரி வெயில்ல நின்னுச்சு, தார்ப்பாய் கூடக் கிடையாது. அஞ்சாம் நாள் உள்ள எடை போட்டா பதினாலரை. மரம் ஒண்ணு கூட குறையல, கட்டை நுனியெல்லாம் வெடிச்சு நட்சத்திரம் மாதிரி கோடு விழுந்திருந்துச்சு, அவ்வளவுதான். மில்லுக்கு அந்த லாரியில இருக்கிற நார் அதேதான், போனது தண்ணி. மாமனாருக்கு மட்டும் ஒன்றரை டன் காசு போச்சு. எனக்கு அது இன்னிக்கும் ஆறல. கடல்ல போற சரக்குக்கு உலர் எடையில காசு குடுக்கிறாங்க, கப்பல் ஒரு மாசம் மிதந்தாலும் விக்கிறவனுக்கு நட்டமில்ல. நம்ம சம்சாரிக்கு ஈர எடையில விலை பேசி, காயவிட்டு நிறுக்கிறது என்ன நியாயம்? மேல அந்தப் பொண்ணுக்கு ப்ராஜெக்ட்ல மார்க் போற அதே விஷயம், இங்க வயித்துல அடிக்குது.

அதனால வெட்டுறதுக்கு முன்னாடியே மில்லுல எந்தத் தேதிக்கு லாரி உள்ள விடுவாங்கன்னு டோக்கன் கேட்டு வாங்குங்க. டோக்கன் வந்த பிறகு வெட்டுங்க, பட்டை உரிச்ச அன்னிக்கே ஏத்துங்க. ஏத்தின கையோட ஊர்லயே உங்க காசுல எடை போட்டு சீட்டு வாங்குங்க, கட்டை நுனியை செல்போன்ல தேதியோட போட்டோ எடுங்க. இடைத்தரகர்கிட்ட குடுக்கிறதா இருந்தா உங்க ஊர் எடைதான் கணக்குன்னு முன்கூட்டியே பேசிடுங்க, அதுக்கு ஒத்துக்கிறவரா பாருங்க, டன்னுக்கு நூறு ரூபாய் குறைச்சுக் கேட்டாலும் அவர்கிட்டயே குடுங்க, கணக்குப் போட்டா அதுதான் லாபமா இருக்கும்.

இன்னொரு விஷயம், நீங்க கேக்கல, ஆனா திருமயம்னு போட்டிருக்கீங்க, சொல்லாம இருக்க முடியல. தைல மரத்துக்கு வரப்பு உசத்தி குறுக்க குறுக்க பள்ளம் வெட்டுவாங்க, மழைத்தண்ணி அங்கேயே தேங்கட்டும்னு. அந்தத் தண்ணி ஏதோ ஒரு கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணி. உங்க 3 ஏக்கர்ல வரத்து வாய்க்கால் ஓடுதான்னு பாருங்க. ஓடுச்சுன்னா அந்தப் பக்கம் ரெண்டு வரிசைக்கு மரம் இல்லாம இடம் விட்டுடுங்க, வாய்க்காலை மறிக்காதீங்க. அடுத்த மழைக்கு முன்னாடி ஒரு நாள் மம்பட்டியோட போயி தூர்ந்த இடத்தை எடுத்து விட்டுட்டு வாங்க.